1987இல் யாழ்ப்பாணத்தில் இறந்த எங்கள் மாமாவின் படத்தைப் பள்ளியில் மாட்டலாமா?

#1 கண்மாய்க்கரை

எல்லோருக்கும் வணக்கம். ஊர் தேவிப்பட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவில். ஊர்ப்பேர் வேண்டாம், ஏன் என்று படித்தால் புரியும்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கட்டடம் வந்திருக்கிறது. வராந்தாச் சுவரில் நம் மாவட்டத்து ராணுவ வீரர்களின் படங்களை மாட்டலாம் என்று பழைய மாணவர்கள் கூடிப் பேசினோம். முதலில் கடுக்கலூர் ஹவில்தார் பழனி. 2020 ஜூனில் கல்வானில் இறந்தவர், வீர் சக்ரா வாங்கியவர். அதில் யாருக்கும் மாற்றுப் பேச்சு இல்லை. அடுத்தது மேஜர் சரவணன். திருச்சிக்காரர் என்றுதான் எல்லோருக்கும் தெரியும், ஆனால் பிறந்தது ராமேஸ்வரத்தில். 1999 மே 29 அன்று கார்கில் போரில், படாலிக்கில் இறந்தபோது 26 வயது. அவருக்கும் வீர் சக்ரா. அதற்கும் சரி என்றார்கள்.

மூன்றாவதாக ஒரு பேரைத் தலைமையாசிரியரே எடுத்தார். எங்கள் அம்மாவின் அண்ணன். அந்தப் பள்ளியிலேயே படித்தவர். மதராஸ் ரெஜிமென்ட். இலங்கைக்கு அனுப்பிய இந்திய அமைதிப்படையில் போனவர், 1987 அக்டோபரில் யாழ்ப்பாணத்தில் இறந்தார், வயது 22. கூட்டத்தில் ஒருவர் உடனே எழுந்து, “அமைதிப்படையில் போனவர் படத்தை இங்கே மாட்டினால் வம்பு வரும், நம் கடற்கரையில் அகதிகளாக வந்து இறங்கிய சனம் எத்தனை பேர், அவர்கள் முகத்தில் எப்படி முழிப்பது?” என்று கேட்டார். அதற்குப் பிறகு யாரும் வாயைத் திறக்கவில்லை. டீ குடித்துவிட்டுக் கலைந்துவிட்டோம்.

நான் மாமாவைப் பார்த்ததில்லை. அம்மாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை. இங்கே பட்டாளத்திலிருந்து வந்தவர்களும் இருக்கிறீர்கள், அந்தப் பக்கத்துக்காரர்களும் இருக்கிறீர்கள். என்ன செய்யலாம்?

#2 தொண்டிக்கு ரயில் எப்போது

இதில் யோசிக்க என்ன இருக்கிறது தம்பி? நம்ம ஊர்ப் பிள்ளை, அரசாங்கம் அனுப்பியது, போனார், இறந்தார். மாட்டுங்கள். வம்பு பண்ணுகிறவர் வரட்டும், பேசிக்கொள்ளலாம்.

#3 சாயல்குடிப் பனை

அவ்வளவு எளிதில்லை அண்ணே. அந்தப் படை அங்கே என்ன செய்தது என்று தெரிந்துதான் பேசுகிறீர்களா? 1987 தீபாவளியன்று யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் புகுந்து சுட்டார்கள். டாக்டர், நர்ஸ், நோயாளி என்று பார்க்கவில்லை. 1990 மார்ச்சில் கடைசிக் கப்பல் சென்னைக்கு வந்தபோது அன்றைய முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவே இல்லை. அன்றைக்குத் தமிழ்நாட்டு மனநிலை அது. இன்றைக்கு நாம் படம் மாட்டி மாலை போட்டால் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக் கொடுக்கிறோம்?

கல்வானும் கார்கிலும் வேறு. அங்கே எல்லைக்குள் வந்தவனோடு சண்டை.

#4 ஓய்வு சுபேதார்

நான் அங்கே இருந்தவன். 1988இல் போனேன், வவுனியா பக்கம். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1987 ஜூலை 29இல் இந்திய இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. மறுநாளிலிருந்தே படை போய் இறங்கியது. சண்டை என்று யாரும் போகவில்லை. புலிகளும் மற்ற இயக்கங்களும் ஆயுதங்களை ஒப்படைக்கும்போது கூட இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் வேலை என்று சொல்லி அனுப்பினார்கள். ஆகஸ்டில் போனவர்களுக்கு அங்குள்ள சனம் மாலை போட்டது உண்மை. அக்டோபர் 10இல் புலிகளுக்கு எதிராக ‘ஆபரேஷன் பவன்’ தொடங்கியதும் எல்லாம் தலைகீழ். யாழ்ப்பாணத்தைச் சில நாளில் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டார்கள், இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. அக்டோபர் 12 அதிகாலையில் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரில் இறங்கிய சீக்கியப் படைப்பிரிவினர் 30 பேரில் ஒருவர்தான் உயிரோடு மிஞ்சினார், அவரும் கைதியாக.

எங்களிடம் இருந்தது எஸ்.எல்.ஆர். துப்பாக்கி. எதிரில் ஏ.கே. 47. வரைபடங்கள் பழையவை. யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குப் பனையோலை வேலி, வேலிக்குப் பின்னால் யார் என்றே தெரியாது. காலடியில் கண்ணிவெடி. மூன்று வருடத்தில் ஏறத்தாழ 1,200 பேர் இறந்தார்கள். இதில் தமிழ்ப் பையன்கள் பாடு தனி. எந்த யூனிட்டாக இருந்தாலும் வீடு வீடாகச் சோதனை என்றால் தமிழ் தெரிந்தவனைத்தான் முன்னால் விடுவார்கள். கதவைத் தட்டி, “அம்மா, கொஞ்சம் வெளியே வாங்க” என்று சொல்ல வேண்டியவன் அவன். குண்டு முதலில் யார் மேல் படும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சாயல்குடித் தம்பி சொன்ன ஆஸ்பத்திரி விஷயம் நடந்ததுதான். அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் போகலாமா வேண்டாமா என்று எந்தச் சிப்பாயையும் யாரும் கேட்கவில்லை. மாட்டுவதற்கு நான் ஓட்டுப் போடுகிறேன்.

கண்மாய்க்கரை, ஒரு கேள்வி. உடல் ஊருக்கு வந்ததா?

#5 கண்மாய்க்கரை

வரவில்லை ஐயா. முதலில் தந்திதான் வந்ததாம். அதற்குப் பல நாள் கழித்து ஒரு பெட்டி வந்தது. உடல் ஏன் வரவில்லை என்று அம்மாச்சி சாகும்வரை கேட்டுக்கொண்டே இருந்தாராம். யாரோ லஞ்சம் கேட்டு மறைத்துவிட்டார்கள் என்றுகூட ஊரில் ஒரு பேச்சு உண்டு.

#6 ஓய்வு சுபேதார்

அப்படி எதுவும் இல்லை. இதை உங்கள் அம்மாவிடம் கட்டாயம் சொல்லுங்கள். இறந்தவர்களின் உடலை வீட்டுக்கே கொண்டுவந்து சேர்ப்பது கார்கிலில்தான் வழக்கமாக ஆனது. 1962, 1965, 1971 எல்லாவற்றிலும் பெரும்பாலும் போர்முனைக்குப் பக்கத்திலேயே தகனம் செய்துவிடுவார்கள். வீட்டுக்குப் போவது சாமான்கள் மட்டும். இலங்கையிலும் பெரும்பாலும் அதே வழக்கம்தான். மேஜர் சரவணன் விஷயத்தில்கூடப் பாருங்கள், கார்கில் என்றாலும் அந்த மலையில் எதிரி இருந்ததால் ஒரு மாதத்துக்கும் மேல் கழித்துத்தான் உடலை எடுக்க முடிந்தது.

2020இல் பழனியின் உடல் கடுக்கலூருக்கு வந்ததையும், ஊரடங்கையும் மீறி வந்த கூட்டத்தையும் டிவியில் பார்த்தவர்களுக்கு 1987இல் அந்தத் தாய் எதைப் பார்க்காமல் போனார் என்பது புரியும்.

#7 கிழக்குக்கடல்

படகில் போய்க் குண்டடிபட்டுச் செத்த மீனவனுக்கு யாராவது படம் மாட்டினீர்களா? ராமேஸ்வரம், தங்கச்சிமடம், மண்டபம், ஜெகதாபட்டினம் என்று லிஸ்ட் போட்டால் உங்கள் பள்ளிக்கூடச் சுவர் பத்தாது. அவன் எந்த அரசாங்கத்திடமும் சம்பளம் வாங்கவில்லை என்பதுதான் வித்தியாசமா? 1974இல் கச்சத்தீவைத் தூக்கிக் கொடுத்ததிலிருந்து

#8 நெறியாளர்

கிழக்குக்கடல் அவர்களே, நியாயமான கேள்வி. ஆனால் கச்சத்தீவு வந்தால் இந்த இழை நாற்பது பக்கம் போகும் என்று உங்களுக்கே தெரியும். மீதியைத் தனி இழைக்கு நகர்த்திவிட்டேன். இன்னொருவர் போட்ட பதிவையும் எடுத்திருக்கிறேன். இறந்தவரின் குடும்பம் இங்கே உட்கார்ந்து படிக்கிறது என்பதை நினைவில் வைத்து எழுதுங்கள்.

#9 கண்மாய்க்கரை

நன்றி சுபேதார் ஐயா. நேற்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். “அப்போ யாரும் மறைக்கலையா?” என்று கேட்டார். அப்புறம் அடுப்படிக்குப் போய்விட்டார். இரவு அவரே பரணிலிருந்து பெட்டியை இறக்கச் சொன்னார்.

கறுப்பு டிரங்குப் பெட்டி. மூடியில் வெள்ளைப் பெயின்டில் நம்பரும் ரேங்கும் பேரும். உள்ளே அலுமினியச் சாப்பாட்டுத் தட்டு, மக், ஊசிநூல் வைக்கும் துணிப்பை, பாச்சை அரித்த ஸ்வெட்டர், பாதி தீர்ந்த ஷேவிங் கிரீம் டியூப். ‘ராணி’ சந்தன சோப்பு இரண்டு, இலங்கையில் வாங்கியது, அட்டைப்பெட்டியோடு. மூன்றாக வந்ததாம். அம்மாவுக்கு அப்போது பதினாறு வயசு. வாசனையாக இருக்கிறதே என்று ஒன்றைப் பிரித்துத் தேய்த்துக் குளித்திருக்கிறார். அம்மாச்சி விளக்குமாற்றால் அடித்தாராம். சொல்லிவிட்டுச் சிரிக்கிறார், எனக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

மாமாவைப் பற்றி அம்மா சொன்னதையும் எழுதிவிடுகிறேன். பத்தாவது முடித்ததும் தாத்தாவோடு வத்தையில் நண்டு வலைக்குப் போயிருக்கிறார். கடல் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று தலைமுறை மீன்பிடிக்கிற வீட்டில் பிறந்தவருக்குப் படகில் ஏறினால் வாந்தி. ஊரே கேலி பண்ணும். சரி, பட்டாளத்துக்குப் போகிறேன் என்று ஓட ஆரம்பித்தார். எங்கள் பக்கம் மெரினா மாதிரி மணல் கிடையாது, கரையெல்லாம் சேறு. அதனால் உப்பளத்து வரப்பில் ஓடுவாராம். வரப்பை உடைக்கிறான் என்று உப்பளக்காரர் தாத்தாவிடம் வந்து பிராது கொடுத்ததுகூட உண்டு. 1983இல் ஆள் எடுப்பில் தேறி வெலிங்டன் போனார். குளிர் தாங்காமல் முதல் கடிதத்திலேயே கம்பளி கேட்டு எழுதியிருக்கிறார், அரசாங்கமே கொடுக்கும் என்று தெரியாமல்!

மாதாமாதம் மணியார்டர். அந்தப் பணத்தில்தான் ஓலைக்கூரையைப் பிரித்து ஓடு போட்டார்கள். லீவில் வந்தால் டிரான்சிஸ்டரோடு திண்ணையில் உட்கார்ந்துவிடுவாராம். மீன் மட்டும் விடிவதற்குள் கரைக்குப் போய் அவரே பார்த்து வாங்கி வருவார். பெண் பார்த்து வைத்திருந்தார்கள், 1988 தையில் கல்யாணம் என்று பேச்சு.

கடைசிக் கடிதம் 1987 செப்டம்பர் போட்டது. இன்லாண்டு லெட்டர். அதிலிருந்து கொஞ்சம்: “இங்க எல்லாம் நம்ம ஊர் மாதிரியே இருக்கு. பனமரம், கோயில், கருவாட்டு வாசம். ஒரு வீட்டுல ஒரு அம்மாச்சி என் பேச்சக் கேட்டுட்டு நீ எந்த ஊருன்னு கேட்டாங்க. ராம்நாடு பக்கம்னேன். தனுஷ்கோடிக்குக் கப்பல் ஓடுன காலத்துல ராமேஸ்வரத்துக்குத் தீர்த்தமாட வந்திருக்காங்களாம். புட்டும் சம்பலும் குடுத்தாங்க. ஆட்ட விக்க வேணாம்னு அப்பாகிட்ட சொல்லு, தையில நான் வந்ததும் பாத்துக்கலாம்.”

#10 மண்டபத்துப் பெண்

நான் பொதுவாக இங்கே வாசிப்பதோடு சரி. இதற்கு எழுத வேண்டும் போல இருந்தது.

எங்கள் குடும்பம் 1990இல் படகில் வந்து ராமேஸ்வரத்தில் இறங்கியது. நான் பிறந்தது மண்டபம் முகாமில். அம்மம்மாவின் தமையன் அந்தத் தீபாவளிக்கு யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர். திரும்பி வரவில்லை. எங்கட வீட்டில் தீபாவளிக்குப் பலகாரம் சுடுகிறதில்லை. ‘ஐ.பி.கே.எஃப்’ (அமைதிப்படை) என்று யாராவது சொன்னாலே அம்மம்மா எழும்பிப் போய்விடுவா.

அதே அம்மம்மாதான் இன்னொன்றும் சொல்லுவா. சண்டை தொடங்கமுதல் ஒரு தமிழ்ப் பெடியன், பட்டாளத்துக்காரன், கிணற்றில் தண்ணி கேட்டு வந்து, குடித்துப்போட்டு, வாளியைக் கழுவி வைத்துவிட்டுப் போனானாம். அவன் என்ன ஆனானோ என்று கேட்பா. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லுகிற மனுசி.

படம் மாட்டுவதில் எனக்கு மறுப்பு இல்லை. ‘அமைதி காக்கச் சென்று உயிர் நீத்த’ என்று மட்டும் கீழே எழுதாதீர்கள். அதை வாசித்தபடி என் மகளால் அந்த வராந்தாவில் நடக்க முடியாது. 22 வயது, இந்தப் பள்ளியில் படித்தவர், இந்தத் தேதியில் இந்த இடத்தில் இறந்தார். அவ்வளவு போதாதா?

எந்த இடம் என்று கடதாசியில் இருக்கிறதா?

#11 சாயல்குடிப் பனை

மண்டபத்துச் சகோதரி, நீங்களே மறுப்பில்லை என்றால் நான் பேச என்ன இருக்கிறது. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். பழனி, சரவணன் படங்களுக்குக் கீழே வீர் சக்ரா, எந்தப் போர், என்ன செய்தார் என்று நாலு வரி இருக்கும். பக்கத்தில் இவருக்குத் தேதி மட்டும் என்றால் பிள்ளைகள் கேட்க மாட்டார்களா, இவர் என்ன செய்தார் என்று?

#12 தொண்டிக்கு ரயில் எப்போது

கேட்கட்டுமே. வாத்தியார் எதற்கு இருக்கிறார்?

#13 கண்மாய்க்கரை

சகோதரி, அலுவலகக் கடிதத்தில் ‘கோண்டாவில்’ என்று இருக்கிறது. வேறு விவரம் எதுவும் இல்லை.

#14 மண்டபத்துப் பெண்

அம்மம்மாவின் வீடு உரும்பிராயில். கோண்டாவில் பக்கத்து ஊர்தான். அந்த ஊர்களில் அக்டோபர் முழுக்கச் சண்டை. கடிதத்தில் வருகிற ஆச்சி யாராகவும் இருக்கலாம், புட்டும் சம்பலும் எல்லா வீட்டிலும் இருக்கும். அதனால் நான் ஒன்றும் முடிச்சுப் போடவில்லை.

#15 வாலிநோக்கம் வாலிபன்

என் தம்பி அக்னிவீர் (நான்கு வருட ராணுவ வேலை) தேர்வுக்கு இப்போது ஓடிக்கொண்டிருக்கிறான், அதனால் கேட்கிறேன். அந்தக் காலத்தில் இறந்தவர் வீட்டுக்கு என்ன கிடைத்தது? இன்றைக்கு என்ன?

#16 ஓய்வு சுபேதார்

தம்பி, சுருக்கமாகச் சொல்கிறேன். ராணுவத்தில் இறப்பு எல்லாம் ஒரே கணக்கு இல்லை. போரில் இறந்தால் ‘பேட்டில் கேஷுவல்டி’. அதற்கு மனைவிக்குக் கிடைப்பது தாராளக் குடும்ப ஓய்வூதியம், அதாவது அவர் கடைசியாக வாங்கிய சம்பளம் முழுவதும். சாதாரணக் குடும்ப ஓய்வூதியம் என்றால் 30 சதவீதம்தான். கல்யாணமாகாத பையன் என்றால் தாய் தகப்பனுக்கு, அது மனைவிக்குக் கிடைப்பதைவிடக் குறைவு.

அக்னிவீருக்கு மாதாந்திரக் குடும்ப ஓய்வூதியம் கிடையாது. காப்பீடு 48 லட்சம், பணியின் காரணமாக இறந்தால் கருணைத்தொகை 44 லட்சம், நான்கு வருடத்தில் மிச்சமுள்ள காலத்துச் சம்பளம், அப்புறம் சேவா நிதி, அதாவது சம்பளத்தில் பிடித்ததும் அரசாங்கம் போட்டதும் சேர்ந்த தொகை. கையில் வருவது பெரிய தொகைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அறுபது வயசுத் தாய்க்கு மாதாமாதம் வருகிற பணமும், ஒரே தடவை வந்து மச்சான் கடனுக்கும் மருமகன் தொழிலுக்கும் போய்ச்சேருகிற பணமும் ஒன்றா? தம்பியை ஓட வேண்டாம் என்று சொல்லாதே. வீட்டில் பேசிவிட்டு ஓடச் சொல்.

#17 கண்மாய்க்கரை

அம்மாச்சிக்குக் கடைசிவரை பென்ஷன் வந்தது. வருடா வருடம் நவம்பரில் ராமநாதபுரம் போய் உயிர்ச்சான்று கொடுக்க வேண்டும். பஸ் ஏறும்போது ஒவ்வொரு தடவையும், “அவன் செத்ததுக்கு நான் உசுரோட இருக்கேன்னு காட்டணுமாம்” என்று திட்டிக்கொண்டே போவாராம். பணத்தை எண்ணி வாங்குவதிலும் குறை வைக்க மாட்டார்.

#18 கீழக்கரைக் கடைக்காரன்

யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். டெல்லியில் 2019 பிப்ரவரியில் திறந்த தேசியப் போர் நினைவுச்சின்னத்தில் சுதந்திரத்துக்குப் பிறகு இறந்த எல்லோருடைய பேரும் கல்லில் இருக்கிறது. திறக்கும்போதே 25,000க்கும் மேல். இலங்கையில் இறந்தவர்களும் அதில் சேர்த்தி. நான் போன வருடம் சரக்கு எடுக்க டெல்லி போனபோது பார்த்தேன், வட்ட வட்டமான சுவரில் ஒரு கருங்கல்லுக்கு ஒரு பேர். கொழும்புக்குப் பக்கத்தில் ஸ்ரீ ஜயவர்த்தனபுர கோட்டையில் இலங்கை அரசாங்கமே இவர்களுக்கு ஒரு நினைவிடம் கட்டியிருக்கிறது, நம் பிரதமர் 2015இல் போய் மலர்வளையம் வைத்தார். டெல்லியில் இருக்கிறது, கொழும்பில் இருக்கிறது. படித்த பள்ளிக்கூடத்தில் மட்டும் வைக்கக் கூடாதா?

#19 சாயல்குடிப் பனை

டெல்லியும் கொழும்பும் வைக்கும் அண்ணே, அவர்களுக்குள் ஒப்பந்தம் போட்டவர்கள் அவர்கள்தானே. அடி வாங்கினது நடுவில் இருந்தவர்கள். அதனால்தான் நம் கரையில் வைப்பது அவர்கள் வைப்பது மாதிரி இல்லை என்கிறேன். வைக்க வேண்டாம் என்று இப்போது சொல்லவில்லை, கவனியுங்கள்.

#20 கண்மாய்க்கரை

நேற்று மறுபடி கூட்டம் நடந்தது. மண்டபத்துச் சகோதரி எழுதியதை, பேர் சொல்லாமல், அப்படியே வாசித்துக் காட்டினேன். முதலில் மறுத்தவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ‘வீரமரணம்’, ‘தியாகம்’, ‘அமைதி’ என்ற எந்தச் சொல்லும் இல்லாமல் இருந்தால் தனக்குச் சம்மதம் என்றார். இன்னொருவர், அப்படியென்றால் மற்ற இருவருக்கும் அதே மாதிரி எழுதுங்கள், ஒரு சுவரில் இரண்டு நியாயம் வேண்டாம் என்றார். அதில் அரை மணி நேரம் சண்டை. கடைசியில் முடிவானது இது: மூன்று படத்துக்கும் கீழே பேர், ஊர், பிறந்த தேதி, இறந்த தேதி, இடம், படைப்பிரிவு. விருது இருந்தால் விருது. வேறு ஒன்றும் இல்லை.

புதுச் சிக்கல் என்னவென்றால் படம். எங்களிடம் இருப்பது வெலிங்டனில் எடுத்த குரூப் போட்டோ ஒன்றுதான். மூன்றாவது வரிசையில் நிற்கிறார், முகம் சுண்டுவிரல் நகம் அளவு. பெரிதாக்கினால் கலங்குகிறது. கம்ப்யூட்டரில் போட்டுத் தெளிவாக்கித் தருகிறேன் என்று ஒரு பையன் செய்து கொடுத்தான், அம்மா பார்த்துவிட்டு, “இது யாரு?” என்று கேட்டார்.

#21 ஓய்வு சுபேதார்

அந்தக் கம்ப்யூட்டர் படம் வேண்டவே வேண்டாம். வெலிங்டனில் மதராஸ் ரெஜிமென்ட் ரெக்கார்ட்ஸ் ஆபீஸுக்கு எழுதுங்கள். சேரும்போது எடுத்த படம் அவருடைய ஆவணத்தில் இருக்க வாய்ப்பு உண்டு. விண்ணப்பத்தில் நம்பர், ரேங்க், பேர், இறந்த தேதி நான்கும் இருக்க வேண்டும். அம்மா கையெழுத்துப் போட வேண்டும், உடன்பிறந்தவர் என்று வாரிசுச் சான்றோ குடும்ப அட்டை நகலோ சேர்த்து வையுங்கள். ராமநாதபுரத்தில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கொடுத்தால் அவர்களே முகப்புக் கடிதம் போட்டு அனுப்புவார்கள், நேராக அனுப்புவதைவிட அது சீக்கிரம் நகரும். பெட்டி மூடியில் இருக்கிற நம்பரை எனக்குத் தனி மடலில் அனுப்புங்கள், இங்கே பொதுவில் போடாதீர்கள். அவரோடு ஒரே செட்டில் பயிற்சி எடுத்தவர்கள் இரண்டு பேர் பரமக்குடியில் இருக்கிறார்களா என்று விசாரிக்கிறேன்.

#22 மண்டபத்துப் பெண்

திறப்பு விழா எப்போது என்று சொல்லுங்கள். அம்மம்மா வரமாட்டா. நான் மகளோடு வருகிறேன்.

#23 கண்மாய்க்கரை

தேதி இன்னும் முடிவாகவில்லை சகோதரி. பெயின்ட் வேலையே முடியவில்லை, கான்ட்ராக்டர் போன் எடுக்கமாட்டேன் என்கிறார். தெரிந்ததும் இங்கேயே போடுகிறேன்.